மட்சாப் பெட்டியோடு வற்றாப்பளைக்கு

சித்திரைக்கு எங்கள் ஊரான வற்றாப்பளைக்கு வரும்போது சொக்லேற், சவர்க்காரம், அம்மாவின் கால்வலித் தைலம் எல்லாவற்றுக்கும் நடுவில், யூதர்களின் புளிக்காத ரொட்டியான மட்சா ஒரு பெட்டியையும் துணியில் சுற்றிக் கொண்டு வந்தேன். ரொறன்ரோவிலிருந்து கொழும்பு, அங்கிருந்து முல்லைத்தீவு பஸ், அவ்வளவு குலுக்கலுக்கும் பாதிதான் நொறுங்கியிருந்தது. அம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார்.

"என்ன பிள்ளை இது, உப்புமில்லை சீனியுமில்லை. காசு குடுத்தே வாங்கினனி?"

பக்கத்து வீட்டு அன்ரியும் வந்திருந்தார். வெயில் தாங்காமல் மூவரும் மாமரத்தடியில் பாயை விரித்துக்கொண்டு இருந்தோம். பத்து வருடத்துக்கு மேலாகப் போனில் சொல்லி முடிக்க முடியாமல் இருந்த கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன்.

நான் கனடாவுக்குப் போனது 2012 மாசியில். பாதர்ஸ்ட் தெருவோரம் ஒரு யூத அம்மாவின் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தோம். மேலே அவர் தனியாக இருந்தார், எழுபது வயதிருக்கும். பங்குனி முடிகிற நேரம் ஒரு கிழமையாக மேலே சாமான் இழுபடும் சத்தம். அலுமாரி எல்லாம் துடைத்து, அடுப்பைக் கழற்றித் தேய்த்து, கடைசியில் கோதுமை மா, பாஸ்ரா, ஓட்ஸ், விசுக்கோத்து என்று இரண்டு பை நிறையக் கொண்டுவந்து என் கதவடியில் வைத்தார். எட்டு நாளைக்கு இதொன்றும் தன் வீட்டில் இருக்கக்கூடாது, உனக்குத் தேவையென்றால் எடு என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்களைப் பொறுத்தவரை குசினியை இப்படி ஒட்ட வழித்து எடுப்பது இடம்பெயரும்போது மட்டும்தான். "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எங்கேயும் போகவில்லை. அந்தக் காலத்தில் போனதை நினைக்கிறோம்" என்றார்.

அப்படித்தான் பெசாக் எனக்கு அறிமுகமானது. எகிப்தில் அடிமையாக இருந்த சனம் இரவோடிரவாக வெளிக்கிட்டதை நினைக்கும் பண்டிகை, வசந்தகாலப் பூரணையில் வரும். புளித்த மா எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. பண்டிகைக்கு முதல் நாள் இரவு மெழுகுதிரியும் இறகும் மரக்கரண்டியுமாக மூலை முடுக்கெல்லாம் பாண் துகள் தேடுவார்கள். மட்சாவுக்கு மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்காரம்மாவின் வழக்கத்தில் அந்த எட்டு நாளும் சோறும் பருப்பும்கூட இல்லை.

"எட்டு நாள் சோறில்லாமலோ!" என்று அம்மா வாயில் கை வைத்தார்.

இதற்குள் அன்ரி வீட்டுக்குப் போய்ப் பைபிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கத்தோலிக்கப் பைபிளில் அந்தப் புத்தகத்துக்கு விடுதலைப் பயணம் என்றுதான் பெயர். வன்னியில் அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரித்துவிட்டுப் போக முடியாது, அவருடைய குரலும் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. பன்னிரண்டாம் அதிகாரத்தில், மா புளிக்க முன்னரே சனங்கள் பிசைந்த பாத்திரத்தைத் துணியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்தை வாசித்தார்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "புதுக்குடியிருப்பில நானும் அப்பிடித்தானே. குழைச்ச மாவைச் சட்டியோட சீலைக்குள்ள கட்டிக்கொண்டு ஓடினது. இரணைப்பாலையில போய்த்தான் தட்டினது." கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு வைகாசியிலும் முள்ளிவாய்க்கால் நினைவுக்குச் சிரட்டையில் கொடுக்கும் உப்புக் கஞ்சி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "அப்ப இது அவையின்ர கஞ்சி" என்றார். நான் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ விளக்கியிருக்கிறேன், இப்படி ஒரு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை.

பிறகு 2022 கதைக்கு வந்தேன். நாங்கள் ஸ்காபரோவுக்கு வீடு மாறியிருந்தோம், ஆனாலும் அவர் எங்களை விடவில்லை. கொரோனாவால் இரண்டு வருடம் மேசை போடாமல் இருந்துவிட்டு, அந்த வருடம் ஆசையோடு எல்லோரையும் கூப்பிட்டார். அது அபூர்வமான ஒரு கிழமை. ஏப்ரல் 14 எங்கள் வருடப்பிறப்பு, 15 பெரிய வெள்ளி, அதே இரவு செடர் என்கிற பெசாக் விருந்து, றமழான் நோன்பும் நடந்துகொண்டிருந்தது. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் முஸ்லிம் தங்கச்சி ஒருத்தியையும், அன்ரியின் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கோஷர் என்கிற யூத உணவு விதி பார்க்கும் வீடு என்பதால் சமைத்தது எதுவும் கொண்டுபோகாமல் முழுப் பழமாகவே வாங்கினோம்.

"பெரிய வெள்ளியில விருந்தோ?" என்று அன்ரி இடைமறித்தார். மகள் இதை அவருக்குச் சொல்லவே இல்லைப் போலிருக்கிறது.

அன்ரியின் மகள் அக்காவும் அங்கே போய் அதே தயக்கத்தோடுதான் நின்றா. இறைச்சி தொடமாட்டேன், இன்றைக்கு எங்கள் ஆண்டவர் செத்த நாள் என்றா. வீட்டுக்காரம்மா அவவின் கையைப் பிடித்து, "தெரியும். அவர் கடைசியாகச் சாப்பிட்டதும் இந்தப் பண்டிகைச் சாப்பாடுதானே, வா, உனக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் இருக்கிறது" என்று உட்காரவைத்தார். தங்கச்சி பொழுதுபட்டதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்துவிட்டு, அந்தச் சனத்தைக் கடல் தாண்டிக் கூட்டிப்போன மூசா நபி தங்களுக்கும் நபிதான் என்று சொன்னாள். இதே விடுதலைக்காகத் தாங்கள் ஆஷூரா நாளில் நோன்பு பிடிப்பதாகவும் சொன்னாள். "ஒரே கடலைத் தாண்டினதுக்கு உங்களுக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினி!" என்றாள். மேசை முழுக்கச் சிரித்தது. வீட்டுக்காரம்மாவும் விடவில்லை, தங்கள் பண்டிகைகள் எல்லாவற்றையும் தங்கள் ஆட்கள் மூன்றே வார்த்தையில் சொல்வார்களாம்: கொல்லப் பார்த்தார்கள், தப்பிவிட்டோம், சாப்பிடுவோம்.

செடரில் வயதில் சின்னவர்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்த மேசையில் சின்னவள் என் மகள்தான், எட்டு வயது. இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று தமிழிலேயே கேட்கவைத்தார்கள். அதோடு நிற்காமல், கிண்ணத்தில் ஏன் உப்புத் தண்ணீர் என்றும் கேட்டாள். அது அடிமைகளின் கண்ணீர், அதில் கீரையைத் தொட்டுச் சாப்பிட வேண்டும் என்றார் வீட்டுக்காரம்மா. நான் உடனே எங்கள் கண்ணகை அம்மனைப் பற்றிச் சொன்னேன். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரிலேயே விளக்கு எரியவைப்பார்கள், பிறகு அது வற்றாப்பளைக்கு வரும், எண்ணெய் இல்லை, கடல் தண்ணீர்தான் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணீரைக் கொளுத்தலாம் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே! மூவாயிரம் வருடமாகத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறோம்."

இதைச் சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "திரி நல்லாயிருக்க வேணுமெண்டு அவவுக்குச் சொல்லு" என்றார். சாமி விஷயத்தில் பகிடியே விடாத மனுசி.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. எகிப்தின் மேல் விழுந்த பத்து வாதைகளை வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு துளியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு முந்திரிகைச் சாறு ஊற்றியிருந்தார், நாங்களும் விரலால் தொட்டுத் தட்டில் வைத்தோம். தங்கள் விடுதலைக்காகச் செத்துப்போன மற்றப் பக்கத்து மனிதரை நினைத்து, தங்கள் சந்தோசத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்களாம். பத்தாவது துளிக்கு நான் தற்செயலாகத் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் வீட்டாரின் ஊர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டி. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் இயக்கம் வெளியேறச் சொன்னபோது புத்தளத்துக்குப் போனவர்கள், அவள் பிறந்ததே அங்கே முகாமில். இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தும் நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. 2009 இறுதிப் போரைப் பற்றி மட்டும் அவளிடம் எத்தனை தரம் அழுதிருக்கிறேன், அவளும் கண் கலங்கிக் கேட்டிருக்கிறாள். எங்கள் கதையைச் சொல்லும்போது அந்தத் துளியை நாங்கள் இன்னும் எடுத்து வைக்கவில்லை. நான் அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்றிரவு காரில் வரும்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் ஸ்காபரோ வந்து சேரும் வரை சொன்னாள்.

மாமரத்தடியில் இதைச் சொல்லி முடித்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்ரி பைபிளை மூடி மடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நீராவிப்பிட்டியில ஒரு தையல்காரர். உனக்குச் சட்டை தைக்கத் துணி குடுத்திருந்தனான். போறதுக்கு முதல் நாள் சைக்கிள்ல வந்து, வெட்டின துண்டுகளை ஊசி குத்தினபடியே தந்தவர். குடுத்த காசையும் தந்தவர். தைக்க நேரமில்லை அம்மா எண்டவர். நான் வாங்கி உள்ளுக்கு வைச்சன். எங்க போறியள் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"அந்தத் துணி எங்கேயம்மா?"

"முள்ளிவாய்க்கால் வரைக்கும் கிடந்தது."

மணி ஐந்தாகியிருந்தது. ரொறன்ரோவில் காலை ஏழரை, தங்கச்சி இரவு வேலை முடித்து வரும் நேரம். அம்மா என் போனைக் காட்டி, எடுத்துக் குடு, அந்தத் தையல்காரர் இப்ப எங்க இருக்கிறாரெண்டு அந்தப் பிள்ளையின்ர வீட்டாருக்குத் தெரிஞ்சிருக்கும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். "பிள்ளை, நான் வற்றாப்பளையில இருந்து கதைக்கிறன்" என்று தொடங்கியவர், அடுத்த சொல் வராமல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார்.