லாவெண்டரா வெளிர் நீலமா, ஒருவழியா செவுத்துல ஏத்தியாச்சு

முடிவாயிடுச்சு மக்களே, ரூம் செவுத்துக்கு லாவெண்டர் பெயிண்டுதான். ஷேடு கார்டுல ரெண்டும் பக்கத்து பக்கத்து கட்டம், கடை டியூப்லைட்டு வெளிச்சத்துல இன்னா வித்தியாசம்னே தெரியாது, கடைக்காரர் வேற ரெண்டும் ஒண்ணுதான் சார், எதை வேணா அடிங்கன்னுட்டாரு. ஒண்ணு கிடையவே கிடையாது.

செவுத்தை சமமாக்கற பட்டி, பெயிண்டுக்கு அடியில குடுக்கற பிரைமர் கதையெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான், விடுங்க. நான் மல்லுக்கட்டுனது சாம்பிளோடதான். நேரா செவுத்துல அடிச்சு பாக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, சுத்தி பழைய மஞ்சள் இருந்தா எந்த நீலமும் ஊதா பக்கம் சாஞ்சுதான் தெரியும். அதனால ஹார்டுபோர்டு வெட்டி, பிரைமர் குடுத்து, ஷேடு ரெண்டு கோட்டு ஏத்தி, சுத்தி ரெண்டு விரக்கடைக்கு வெள்ளை ஓரம் விட்டேன். நல்லா காயாம பாக்கவே கூடாது, எமல்ஷன், அதான் தண்ணி கலந்து அடிக்கற செவுத்து பெயிண்டு, ஈரத்துல வெளுப்பா இருக்கும், காஞ்சா கொஞ்சம் டார்க் ஆயிடும்.

அப்புறம் போர்டை தூக்கிக்கினு ரூம் பூரா சுத்தினேன், ஜன்னல் ஓரம், மூலை, கதவுக்கு பின்னாடின்னு. நம்முது வேலூர் சத்துவாச்சாரி, மேக்கால பாத்த ஜன்னல், சாயங்கால வெயில் நேரா உள்ள அடிக்கும், அந்த நேரத்துல வெளிர் நீலம் சோந்துபோன சாம்பல் பச்சையா மாறிடுது. லாவெண்டரும் மங்கத்தான் செய்யுது, ஆனா லேசா ரோஸ் தட்டி பாக்க இதமா இருக்கு. ராத்திரி 6500 கெல்வின் வெள்ளை எல்இடி போட்டா ரெண்டையும் பிரிக்கவே முடியல, 3000 கெல்வின் மஞ்ச வெளிச்ச பல்புக்கு மாத்தினா நீலம் மறுபடியும் அதே பச்சை. போதாததுக்கு ரெட் ஆக்சைடு தரை, அந்த செவப்பு செவுத்தோட கீழ்ப்பாதில ஏறி நீலத்தை அழுக்காக்குது, லாவெண்டருக்கு அது ஒத்துப்போவுது.

வூட்டுக்காரம்மா மட்டும் அந்தக் காலத்துல சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிக்கினே இருக்காங்க. எனக்கு அது பாராட்டுதான்.

சாம்பிளுக்கு சின்ன டப்பா லாங் பஜார் பக்கம்தான் கிடைச்சுது, மத்த எடத்துல 1 லிட்டருக்கு கீழ கலக்க மாட்டேன்னுட்டாங்க. மெஷின்ல கலந்ததை திருப்பியும் எடுக்க மாட்டாங்க, யோசிச்சு வாங்குங்க. எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டுல ஊத்தி கலக்கிட்டு அடிங்க, இவ்ளோ வெளிர் ஷேடுல ஸ்டெயினர், அதான் கலருக்கு சேக்கற சாயம், ஒரு துளி முன்னபின்ன ஆனாலே செவுத்து நடுவுல கோடு தெரியும்.

மொத கோட்டு முடிஞ்சுது. இந்த வேலூர் வெயிலுக்கு ரோலர் திரும்பி வரதுக்குள்ள ஓரம் காஞ்சு பட்டை விழுது, அதனால காலையிலயே ஃபேனை நிறுத்திட்டுதான் வேலை. ரெண்டாவது கோட்டு ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள மனசு ஜன்னல் கிரில்லுக்கு போயிடுச்சு, இந்த லாவெண்டருக்கு எந்த எனாமல் பொருந்தும்? கருப்பு மட்டும் சொல்லாதீங்க.