மனுவுக்கு முந்தைய மாதங்கள்

2025 ஜூன் 22, உசிலம்பட்டி

இன்று அப்பா வீட்டில் இரு தரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். சென்ற தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து நானும் என் கணவரும் தனித்தனியே வாழ்கிறோம்; எங்களைச் சேர்த்து வைக்கும் பேச்சு ஓய்ந்துவிட்டது, திருமணத்தை எப்படி முடித்துக்கொள்வது என்பதுதான் மிச்சம். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் தீர்ந்தது, கோர்ட்டு வாசலை எதற்கு மிதிக்க வேண்டும் என்று பெரிய மாமா கேட்டார். அவர் பார்த்து வளர்ந்த குடும்பங்களில் அப்படித்தான் தீர்த்துவிட்டார்கள் என்பதால், அவர் சொன்னதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை.

ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கத்தின்படியான விவாகரத்தை விட்டுவைத்திருப்பது உண்மைதான் என்றாலும், அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாகத் தொடர்ந்து இருந்து வருகிறது என்பதை, அதை நம்பி நிற்பவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனால் அந்த முத்திரைத்தாள் விவாகரத்து ஆகாது. அதை நம்பி இருவரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணம் செல்லாததாகிவிடுவதோடு குற்றமும் ஆகும். எனக்கு மறுமணம் பற்றிய எண்ணம் இல்லை. அவருக்கு நாளை வரலாம். அப்போது அந்த வீட்டுக்கு வரும் பெண்ணின் நிலை ஒரு முத்திரைத்தாளில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொன்னேன். மாமா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, முறைப்படியே செய்யுங்கள் என்றார்.

2025 ஜூலை 3, மதுரை

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இன்று போனேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம் என்பதை நம்மில் பலர் அறியாமலே இருக்கிறோம். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். எனக்குச் சம்பளம் வருவதால் கட்டணம் கொடுத்தே ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தேன், ஆனால் முதல் ஆலோசனை அங்கேதான் கிடைத்தது.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, அதாவது இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுக்கு, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வெவ்வேறு வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: மனு போட்ட பிறகு இரண்டாவது முறை நீதிபதி முன் நின்று உறுதி செய்து, விவாகரத்துத் தீர்ப்பு வழங்கப்படும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே பணமோ பத்திரமோ எந்தக் கட்டத்தில் கை மாற வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிடக் கூடாது என்று வழக்கறிஞர் அம்மா அழுத்திச் சொன்னார். நவம்பரில்தான் ஓராண்டு நிறைவதால், அதுவரை உள்ள மாதங்களை ஆவணங்களைச் சேர்ப்பதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

2025 ஜூலை 15

அண்ணன் காலையிலேயே அழைத்தான். கணவன் மனைவி பேசுவதை ஒருவர் அறியாமல் மற்றவர் பதிவு செய்திருந்தாலும் அதைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் நேற்றுத் தீர்ப்பளித்திருக்கிறதாம். இனி அவரோடு பேசுவதையெல்லாம் பதிவு செய்துகொள் என்றான். சென்ற ஆண்டு அக்டோபரில்தான் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த மனைவியின் அலைபேசி அழைப்பு விவரங்களை ஏற்க மறுத்து, திருமணமானவர்களுக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்லியிருந்தது. சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பதிவு செய்யப் போவதில்லை. நாங்கள் இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம். அதில் ஒளிந்து செய்யும் காரியம் ஒன்று நுழைந்தால் சம்மதமே கெட்டுப்போகும். பணத்தைப் பற்றி எழுத்தில் பரிமாறிக்கொண்ட செய்திகளை மட்டும் அழிக்காமலும் வெட்டி ஒட்டாமலும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் அடியும் மிரட்டலும் உள்ள பெண்களுக்கு என் வழி பொருந்தாது என்பதையும் எழுதியாக வேண்டும். அவர்கள் ஓராண்டு கணக்குப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் தாங்கள் வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. 181 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

2025 ஆகஸ்ட் 10, உசிலம்பட்டி

நாள் முழுவதும் அம்மாவும் மதினியும் நானும் நகைக் கணக்கு எழுதினோம். பரணிலிருந்து 2011ஆம் ஆண்டு மொய் நோட்டை இறக்கினோம். கல்யாண ஆல்பத்தையும், தெற்காவணி மூல வீதியில் நகை வாங்கிய ரசீதுகள் இருந்த தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டோம். ரசீதுகளில் பாதிக்கு மேல் எழுத்து மங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு நகைக்கும் பெயர், எடை, கொடுத்தவர், அது தெரியும் ஆல்பப் படம், இப்போது இருக்கும் இடம் என்று பத்தி பிரித்து எழுதினோம். மூத்த தாய்மாமா போட்ட ஆரத்தின் எடை யாருக்கும் நினைவில் இல்லை. மொய் நோட்டில் அவர் பெயருக்கு நேரே சவரன் கணக்கு தெளிவாக இருந்தது. அண்டா, குத்துவிளக்கு, பீரோ, கட்டில் எல்லாம் சீர் வரிசைப் பக்கத்தில் இருந்தன.

மணமகளுக்கும் மணமகனுக்கும் வந்த அன்பளிப்புகளைத் தனித்தனிப் பட்டியலாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதி வந்துவிட்டது. நான் அறிந்த எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. மொய் நோட்டு அந்தப் பட்டியலுக்குச் சமமாகாது என்றாலும், அன்றைய தேதியில், அன்றைய கையெழுத்தில் எழுதப்பட்ட ஆவணம் அது ஒன்றுதான். தயவு செய்து யாரும் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் போட்ட நகை அவளுடைய சீதனம், கணவர் கையில் இருந்தாலும் அது அவளுடைய சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் மீண்டும் சொன்னது. வீடு கட்டும்போது அடகு வைத்த ஆரம் இன்னும் மீளவில்லை. அந்த நகைக்கடன் அவர் பெயரில் இருக்கிறது. அதைப் பட்டியலில் தனியாக எழுதினேன். அவருக்கு எங்கள் வீட்டில் போட்ட மோதிரத்தையும் சங்கிலியையும் அவருடையவை என்றே எழுதச் சொன்னபோது மதினிக்கு மனம் ஒப்பவில்லை. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் பட்டியலில் மற்ற வரிகளையும் யார் நம்புவார்கள் என்று கேட்டேன்.

2025 ஆகஸ்ட் 29

வங்கி வேலைகள். என் சம்பளம் இனி என் தனிக் கணக்குக்கு வரும். கூட்டுக் கணக்கில் இருந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, இருவரும் போய்ப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். லாக்கரையும் இருவர் முன்னிலையில் திறந்து, உள்ளே இருந்ததை எழுதிக் கையெழுத்திட்டோம். வைப்பு நிதி, காப்பீடு, வங்கிக் கணக்கு ஒவ்வொன்றிலும் நியமனதாரர் யார் என்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன். விவாகரத்து ஆன பிறகு இவற்றை நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

2025 செப்டம்பர் 21

பெரிய மாமாவை உடன் வைத்துக்கொண்டு என் கணவரோடு வீட்டைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசினேன். வீடு இருவர் பெயரிலும் பதிவானது, கடனிலும் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நாங்கள் எங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவரைக் கடனிலிருந்து வங்கியே விடுவிக்கும்வரை தவணை தவறினால் இருவர் மீதும் விழும். அவர் தன் பாதியை எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுப்பது, கடனை நான் ஏற்பது, அதற்கு வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முதலில் பெறுவது என்று பேச்சு முடிந்தது. குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான பத்திரத்துக்கு உள்ள கட்டணச் சலுகை சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்வரைதான் என்பதால், பதிவைத் தீர்ப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றில் வங்கி அடமானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் என்னோடு இருப்பாள், சனி ஞாயிறுகளில் அப்பாவிடம் போவாள் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. நீதிமன்றம் அவளுடைய விருப்பத்தைக் கேட்கலாம். அது அவளுக்கும் நீதிபதிக்கும் இடையில் நடக்கட்டும், உறவினர் கூட்டத்தில் யாரும் அவளை நிறுத்திவைத்து யாரோடு இருப்பாய் என்று கேட்கக் கூடாது என்று இரு வீட்டாரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன். எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்கலாம். அவளுக்கான பராமரிப்பு அவளுடைய உரிமை, அதை நான் விட்டுக்கொடுக்க முடியாது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பின்னாளில் கல்லூரிச் செலவு ஆகியவற்றில் பாதியை ஏற்பதாக அவர் சொன்னார். சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டோம்.

2025 அக்டோபர் 26

மனுவின் வரைவு வந்தது. என் வேண்டுகோளின்படி, எந்தத் தேதியில் யார் எதைக் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணையை வழக்கறிஞர் உள்ளே சேர்த்திருக்கிறார். பிரிவுக்குக் காரணம் சொல்லும் பத்தியில் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்த இரண்டு வரிகளை நீக்கச் சொன்னேன். 13பி மனுவுக்குக் குற்றச்சாட்டு தேவையில்லை, மகள் வளர்ந்த பிறகு இந்தக் காகிதத்தைப் படிக்கக்கூடும்.

2025 நவம்பர் 17

குடும்ப நல நீதிமன்றத்தில் இன்று மனுவைத் தாக்கல் செய்தோம். திருமணப் பதிவுச் சான்றின் சான்றிட்ட நகல், அழைப்பிதழ், இருவரின் ஆதார் நகல்கள், புகைப்படங்கள் எல்லாம் கோப்பில் வரிசையாக இருந்ததால் எதற்காகவும் திரும்பி வர வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கட்டத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், பிரிவுக் காலமான ஓராண்டுடன் அந்த ஆறு மாதமும் முதல் மனுவுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று. எங்களுக்கு ஓராண்டு இப்போதுதான் நிறைந்திருப்பதால் தளர்வு கேட்டு மனுப் போடவில்லை.

வங்கியின் ஒப்புதல் கடிதம் இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை போய்க் கேட்க வேண்டும். ஆரத்தைத் தை மாதத்துக்குள் மீட்டுத் தருவதாக அட்டவணையின் முதல் வரியில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார்.