பேட்டுக்கு முன்னால் ஷூ: இறகுப்பந்து ஆடும் பிள்ளைக்கு எதற்குச் செலவு செய்வது

பிள்ளையை ஷட்டில் கோச்சிங்கில் சேர்த்ததும் பெற்றோர் முதலில் கேட்பது "எந்த பேட் வாங்கலாம்?" என்றுதான். பல பிள்ளைகளின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களாகச் சொல்கிறோம்: பேட் எப்போதோ ஒருமுறை வரும் செலவு. பணம் மாதாமாதம் கரைவது ஷட்டிலிலும் ஸ்ட்ரிங்கிலும் கோர்ட் நேரத்திலும் போட்டிப் பயணத்திலும்தான். எந்தச் செலவு வந்தாலும், இந்தப் பணத்தால் பிள்ளை கூடுதலாக எத்தனை ஷாட் அடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் வாங்க வேண்டியது ஷூ. ஓடுவதற்கான ஷூவில் குதிகால் பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். நேராக ஓட அது சரி. இறகுப்பந்தில் பக்கவாட்டில் பாய்ந்து சட்டென்று நிற்க வேண்டும், அந்த உயரத்தில் கணுக்கால் மடங்கிவிடும். அடிப்பாகம் தட்டையாக, கம் ரப்பரில் இருக்கும் இன்டோர் ஷூ வேண்டும். விளையாடும்போது போடும் சாக்ஸை மாட்டிக்கொண்டு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். "வளரும் கால்தானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், முன்னால் எட்டி வைக்கும் ஒவ்வொரு தடவையும் கால் உள்ளே வழுக்கி நகம் கறுத்துவிடும். ஷூவைக் கோர்ட்டில் மட்டும் போடட்டும். சாலைத் தூசி ஏறிய ரப்பர் தரையைப் பிடிக்காது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது ஷூவின் பெருவிரல் பக்க உள்விளிம்புதான் முதலில் தேயும், ஏனென்றால் எட்டி வைக்கும்போது பின்னால் இழுபடுவது அந்தக் கால். மாதம் ஒருமுறை அங்கே பாருங்கள்.

பேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4யூ (80 முதல் 84 கிராம்) அல்லது 5யூ (75 முதல் 79 கிராம்) எடையில், வளைந்து கொடுக்கும் தண்டோடு, நடுத்தர விலையில் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த ஜூனியர் பேட். தலை கனமான, தண்டு இறுகிய பேட் பெரியவர்களின் வேகமான கைக்கானது. பிள்ளையின் கையில் அது தோள்வலியாகத்தான் முடியும்.

ஸ்ட்ரிங்கைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். தொடங்கும் பிள்ளைக்கு 0.70 மி.மீ. தடிமன், 18 முதல் 22 பவுண்டு டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்) போதும். டென்ஷன் ஏற ஏற ஸ்ட்ரிங்கின் நடுவே சரியாகப் படும் இடம் சுருங்கும், ஷட்டிலைத் தூரம் அனுப்பக் கையின் பலம் கூடுதலாக வேண்டும். மூத்த ஆட்டக்காரர் 28 கட்டுகிறார் என்று பார்த்துக் கட்டினால் பிள்ளையின் க்ளியர் (எதிர்ப் பின்கோட்டை நோக்கி உயரமாக அடிக்கும் ஷாட்) பாதிக் கோர்ட்டிலேயே விழும், முழங்கையும் நோகும். ஸ்ட்ரிங் அறுந்தால், எங்கே அறுந்தது என்று பாருங்கள். நடுவில் அறுந்தால் தேய்மானம், கவலையில்லை. மேல் விளிம்பில், ஃப்ரேமை ஒட்டி அறுந்தால் ஒன்று ஷாட் தப்பான இடத்தில் பட்டிருக்கிறது, அல்லது அந்தத் துளையில் இருக்கும் கிராமெட் என்ற பிளாஸ்டிக் குழல் உடைந்து, கார்பன் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுக்கிறது. கிராமெட்டை மாற்றாமல் புது ஸ்ட்ரிங் கட்டினால் அதே இடத்தில் திரும்பவும் அறுபடும். ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் மிச்சத்தையும் நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வெட்டிவிட வேண்டும். அப்படியே பையில் கிடந்தால் ஒரு பக்க இழுப்பு ஃப்ரேமைக் கோணலாக்கி, அடுத்தமுறை கட்டும்போது விரிசல் விடும். அறுபடாத ஸ்ட்ரிங்கும் நாளடைவில் தளரும். வாரத்தில் எத்தனை நாள் ஆட்டமோ, ஆண்டுக்கு அத்தனை முறையாவது மாற்றுங்கள். ஒரு பேட்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஆகும். 200 மீட்டர் ரீல் ஒன்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் தனித்தனி பாக்கெட்டைவிட நன்றாகவே மிச்சமாகும்.

ஆனால் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் உபகரணத்தில் பெரிதாக நிற்பது ஷட்டில். 16 இறகு, 4.74 முதல் 5.50 கிராம் எடை. ஓர் இறகு ஒடிந்தாலும் நேராகப் பறக்காமல் தள்ளாடும். தொடக்கத்தில் நைலான் ஷட்டில் போதும். பிள்ளை பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு க்ளியர் அடிக்கத் தொடங்கியதும் இறகு ஷட்டிலுக்கு மாறுங்கள். நைலான் திரும்பி விழும் விதமே வேறு. அதில் பழகிய ட்ராப்பும் (பின்னாலிருந்து வலைக்கு அருகே மெல்ல விழவைக்கும் ஷாட்) நெட் ஷாட்டும் போட்டியில் கைவிட்டுவிடும்.

டப்பாவின் மேல் பெரும்பாலும் 75 முதல் 79 வரை ஓர் எண் இருக்கும். அது வேகம். வெப்பமான இடத்திலும் உயரமான மலை ஊரிலும் காற்று அடர்த்தி குறைவு, ஷட்டில் தூரம் போகும், அதனால் சிறிய எண். குளிரில் பெரிய எண். மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு டப்பா வாங்கிச் சோதியுங்கள்: பின்கோட்டில் நின்று, கீழ்க்கையாக, முழு வீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடிக்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மி.மீ. முன்னால் விழுந்தால் சரியான வேகம். சோதனையைப் பெரியவர் அடிக்க வேண்டும், பிள்ளை அல்ல. வேகம் தவறிய ஷட்டிலில் ஒரு மாதம் ஆடிய பிள்ளை, அளவெடுத்து அடிக்கும் பழக்கத்தையே மாற்றிக்கொண்டிருக்கும்.

உலர்ந்த இறகு சீக்கிரம் ஒடியும். முந்தின இரவு டப்பாவின் இறகுப்பக்க மூடியைத் திறந்து, கொதிக்கும் நீரின் ஆவியில் ஐந்து விநாடி காட்டி, மூடி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் காட்டினால் இறகு கனத்து, வேகம் மாறும். கார்க்கில் ஈரம் படவே கூடாது. ஆடி முடித்த ஷட்டிலை எறிந்துவிடாமல் மூன்றாகப் பிரியுங்கள். இறகு முழுசாக இருப்பது மேட்ச்சுக்கு, ஓரம் பிய்ந்தது ராலிக்கு, ஒடிந்தது கோச் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத்தரும் பயிற்சிக்கும் சர்வீஸ் பழக்கத்துக்கும். இந்த ஒரு பழக்கத்தால் மட்டும் புது டப்பா திறப்பது கண்கூடாகக் குறையும்.

கோச்சிங் கட்டணத்தை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளை உண்மையில் எத்தனை நிமிடம் அடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒரே வரிசையில் 10 பேர் நின்று முறை வைத்து அடித்தால், 60 நிமிட வகுப்பில் ஒருவருக்குக் கிடைப்பது 6 நிமிடம். நல்ல கோச் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஃபுட்வொர்க், ஸ்கிப்பிங், சுவரில் அடிப்பது என்று வேலை கொடுத்திருப்பார். அப்படி இல்லையென்றால், விலையுயர்ந்த வகுப்பைவிட வாரம் இரண்டு மணி நேரம் கோர்ட்டை வாடகைக்கு எடுத்து நான்கு பிள்ளைகள் ஆடுவதில் பலன் அதிகம்.

போட்டிப் பயணத்தில்தான் மனசு ஏமாறும். தோற்றவர் வெளியேறும் நாக்அவுட் போட்டியில் 32 பேர் ஆடினால் மொத்தம் 31 ஆட்டம். 16 பேர் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புவார்கள், 8 பேருக்கு இரண்டு. பயணம், தங்குமிடம், என்ட்ரி எல்லாம் சேர்த்துப் பாதிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சுமார் அரைமணி நேர ஆட்டம். ஆகவே முதல் ஆண்டு, பக்கத்தில் நடக்கும், லீக் முறையில் மூன்று நான்கு ஆட்டம் உறுதியாகக் கிடைக்கும் போட்டிகளுக்கு மட்டும் போங்கள். தூரம் போவதானால் சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பதிவில் இன்னோர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் கடைசி நேரத்தில் சிக்கல் வரும், முதல் பதிவிலேயே சரிசெய்துவிடுங்கள்.

வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து முடிவாகும் இடங்களில், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் மோதுவார்கள். 11 வயதில் பதினொரு மாத வித்தியாசம் தோளிலும் காலிலும் தெரியும். உங்கள் பிள்ளை டிசம்பர் பக்கம் என்றால் தோல்விகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தயவுசெய்து பிள்ளையின் காதில் விழும்படி "இவனுக்கு இது வராது" என்று பேசாதீர்கள்.

காசில்லாமல் கிடைப்பது தூக்கம், அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. காலை 5 மணிக்கு எழ வேண்டுமென்றால், 11 வயதுப் பிள்ளை இரவு 8 மணிக்கே படுத்தாக வேண்டும். அது நடக்காத வீட்டில் மாலை வகுப்பே சரி. வாரப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் அளவுகோல்: 10 வயதுக்கு 10 மணி நேரம், அதுவும் வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வோடு. வளர்ச்சி வேகம் எடுக்கும் வயதில், குதிகால் தசைநாண் எலும்பில் சேரும் இடத்தில் உள்ள வளர்தட்டு (எலும்பு வளரும் பகுதி) இழுபட்டு வலிக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டிலும் அதே கதை. ஆட்டம் முடிந்து நொண்டினாலோ, காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற மறுத்தாலோ, குதிப்பதையும் பாய்வதையும் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். வலியை மறைத்து ஆடினால் இரண்டு வார ஓய்வில் தீர்வது இரண்டு மூன்று மாதமாகும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஷட்டிலை விட்டு நீச்சல், கால்பந்து, தெருவில் ஓடிப்பிடித்தல் என்று இருக்கட்டும். அந்த மாதங்களின் கோர்ட் கட்டணம் மிச்சம். அதில் அடுத்த பருவத்துக்கு ஷூ வாங்குங்கள். ஆனால் ஓய்வு தொடங்கும்போது தள்ளுபடியைப் பார்த்து வாங்கிவிடாமல், முடியும் வாரத்தில் இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் சைஸுக்கு வாங்குங்கள்.