கல்லாவில் கைவைப்பதற்கு முன்

மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? குற்றவாளிகளின் மண்டையோட்டையும் தாடையையும் அளந்து, அவர்களுள் பலர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதியதை இன்று எவரும் பொருட்படுத்துவதில்லை. செல்வமே வெற்றி என்று எல்லோருக்கும் போதித்துவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகமே குற்றத்தை விளைவிக்கிறது என்று 1938-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் வைத்தது வலுவான வாதம். ஆயினும், அதே வறுமையில் உழலும் பெரும்பாலோர் ஏன் திருடுவதில்லை என்ற கேள்வி அதில் தொக்கி நிற்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 1957-இல் சமூகவியலாளர்கள் சைக்ஸும் மாட்ஸாவும் முன்வைத்த விளக்கம்தான். கல்லாவில் கைவைப்பவன் திருட்டு தவறென்று அறியாதவனல்லன். "முதலாளிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, எனக்குச் சேரவேண்டிய கூலிதானே" என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திய பிறகே அவன் விரல் நோட்டைத் தொடுகிறது. அலுவலகப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வீடு திரும்பிய நாட்களில் நானும் ஏறக்குறைய இதே வசனத்தைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.