1986-இன் ஆல்பங்களும் ஒரு சின்ன ஸ்க்ரூவும்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் 1986 பட்டியலில் முதலிடம் கைமாறியது.

ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய வருடம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். அந்த வருடத்துக் கேசட்டுகளை டெக்கில் ஓட்டி, கணினியில் ஏற்றி, பிடித்த வரிசையில் அடுக்குவேன். இந்த முறை 1986. மௌன ராகம், புன்னகை மன்னன், விக்ரம், அப்புறம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. போன வாரம் வரை மௌன ராகம் முதலில், ஹவ் டு நேம் இட் கடைசியில். அதில் வயலின்கள் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்டன. டேப் தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். டேப்பில் ஒரு குறையும் இல்லை, கோளாறு அசிமத்தில், அதாவது டேப்பைப் படிக்கும் ஹெட் நிற்கும் கோணத்தில்.

ஹெட்டில் உள்ள கீற்றுபோன்ற இடைவெளி டேப் ஓடும் திசைக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு சரியாக என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அப்படியானால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். ஸ்டீரியோவில் ஒரு டிராக்கின் அகலம் சுமார் 0.6 மி.மீ. அரை டிகிரிகூடச் சாய வேண்டாம், அந்த ஒலி மொத்தமாகக் காணாமல் போய்விடும்!

இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்போனில் போட்டுக்கொண்டேன். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால், ஹெட் பக்கத்து ஸ்க்ரூவைக் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு திருப்பினேன். இன்னும் மந்தமானது. எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில், வில் தந்தியைத் தொடும் அந்தச் சரசரப்பு பளிச்சென்று வந்தது. இம்மி தாண்டினால் மறுபடி கம்பளி. அந்த இடத்தைப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

அப்புறம்தான் அதே ஆல்பத்தின் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேட்டேன். வி.எஸ். நரசிம்மன் வயலினில் வாசிக்கும், ஜெர்மன் இசைமேதை பாக்கின் ஈ மேஜர் முன்னிசை தனியாக, சுற்றி ராஜா எழுதிய தந்திக்கருவிகள் தனியாக, இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகின்றன. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று ஆல்பத்தில் போட்டிருப்பதன் பொருள் எனக்கு நேற்றுதான் காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. முதலிடம் அதற்குத்தான்.

ஒரு கேசட்டுக்குப் பிடித்த கோணம் அடுத்ததற்கு ஒத்துவராது. என் விக்ரம் அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் வெற்று டேப் கொடுத்துப் பதிந்தது. ஏ பக்கம் ஒரு சாய்வு, பி பக்கம் வேறு சாய்வு! காசு வாங்கிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் இரண்டு மெஷினில் ஓட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அதனால் ஸ்க்ரூ நகராமல் நகப்பூச்சு வைத்து ஒட்டுவதை விட்டுவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் வழி.

மௌன ராகம் இரண்டாவது. 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாடலில் எஸ்.பி.பி. மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.

புன்னகை மன்னன் இன்னும் முடியவில்லை. நீண்டு நிற்கும் சிந்தசைசர் சுரங்கள் அலைகின்றன. டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், இறுகிப் போயிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பொருந்தும் என்று தந்தது அரை மில்லிமீட்டர் பெரிது, டேப்பைக் கடித்துவிட்டது. நல்லவேளை, சோதனைக்கு வெற்று டேப்தான் போட்டிருந்தேன். போகிறவர்கள் பழைய ரோலரைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். ஹெட் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் 99 சதவீதம் என்று லேபிளைப் பார்த்து எடுங்கள், தண்ணீர் கலந்தது வேண்டாம்.

இதற்கிடையில் 1988-இன் 'நத்திங் பட் விண்ட்' கேசட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பிரஷர் பேட் உதிர்ந்திருக்கிறது, கேசட்டின் ஓடோ ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியது. பிளேடால் பிளந்து, ஸ்க்ரூ வைத்த வேறு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். ரோலர் வரும்வரை கை சும்மா இருக்காது, ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பிரிக்கப்போகிறேன்.