ஒண்ணும் ஆகாதும்மா

"சார், வந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

நிவர் புயல் கரையைக் கடந்த மறுநாள் அந்த மாணவி போனில் கேட்டது இது. 2020 நவம்பர் கடைசி வாரம். பின்னால் காற்றுச் சத்தம். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று மொட்டை மாடியில் நின்று பேசினாள். கொரோனாவால் கல்லூரி மூடியதிலிருந்து மாதக்கணக்கில் ஆன்லைன் வகுப்பையும் அந்த மாடிப்படியில் உட்கார்ந்துதான் கேட்டிருந்தாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா, எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, தைரியமா வா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஏற்பாடு நிஜமாகவே செய்திருந்தோம். டிசம்பர் 2 முதல் ஆராய்ச்சி மாணவர்களும் அறிவியல் முதுநிலை இறுதியாண்டு மாணவர்களும் வரலாம் என்று அரசு அறிவித்ததும் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வழிகாட்டலை வரிவரியாகப் படித்தோம். விடுதியில் அறைக்கு ஒருவர், ஒரு நேரத்தில் பாதிப் பேருக்கு மேல் கூடாது, அறிகுறி இருந்தால் அனுமதி இல்லை. தரையில் வட்டம் போட்டோம், காலால் மிதித்தால் சானிடைசர் வருகிற ஸ்டாண்ட் வாங்கினோம், தினமும் இரண்டு வேளை மேசைகளைத் துடைத்தோம். வீட்டிலிருந்து பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் வாங்கினோம். அந்தக் கடிதங்களை ஃபைலில் கோத்து வைத்தபோது மனசுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் உறுத்துகிறது. அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டார், சரி. ஆனால் அவர் போட்டது, "சாரே சொல்லிட்டாரு" என்று இவள் போய்ச் சொன்ன பிறகு.

அவள் வராமல் இருந்திருக்கவும் முடியாது. கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுக்கிற வேலையை மாடிப்படியில் செய்ய முடியுமா? ப்ராஜெக்ட் முடியாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும். அந்த வீட்டில் ஒரு வருடம் போனால் அப்புறம் படிப்பு இருக்காது, கல்யாணம்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்த நொடியில் அதெல்லாம் யோசித்தேனா, அல்லது ஒன்பது மாதம் வெறிச்சோடிக் கிடந்த லேபில் மறுபடி பிள்ளைகள் குரல் கேட்க வேண்டும் என்கிற ஆசையில் சொன்னேனா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புரெவி புயல் பயத்தில் சில நாள் தாமதித்து வந்து சேர்ந்தாள். அடுத்த வாரமே சென்னை ஐஐடியில் தொற்று நூற்றைத் தாண்டிவிட்டதாகச் செய்தி. மற்ற விடுதிகளிலும் பரிசோதனை செய்யப்போகிறார்கள் என்றார்கள். எங்கள் முறை வருவதற்கு முன்பே அது நடந்தது.

காலை பதினொன்றரை மணி இருக்கும். அவள் குழாய் முன்னால் நின்று, "சார், பாட்டில் மாறிடுச்சா? எத்தில் அசிட்டேட் வாசனையே வரலை" என்றாள். எனக்கோ மாஸ்க்கைத் தாண்டி மூக்கில் ஏறுகிறது, அந்த இனிப்பான நெயில் பாலிஷ் வாசனை. பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டேன், "நல்லா வருதே சார்" என்றான். அவள் பாட்டிலை மூடினாள், லேபிளை ஒரு தடவை படித்தாள், அப்புறம் யாரும் சொல்லாமலே நாலடி பின்னால் போய் சுவரோரம் நின்றுகொண்டாள். அந்த நாலடியை நான் மறக்கவில்லை. அன்று காலையும் வாசலில் அவள் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து 97.6 என்று நோட்டில் எழுதியிருந்தார்கள்.

பாசிட்டிவ். அரசு மருத்துவமனையில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், காய்ச்சல்கூட வரவில்லை, திரும்பி வந்து ப்ராஜெக்ட்டை முடித்தாள். வாசனை மட்டும் நாலு மாதம் வரவில்லை. பக்கத்தில் சட்டென்று தீப்பிடிக்கிற ஈதர் பாட்டில் திறந்து கிடந்தால்கூடத் தெரியாது என்பதால் அவளைத் தனியாக லேபில் விடாமல் ஒருவரைத் துணைக்கு நிறுத்தினோம். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். "நீங்க அன்னைக்கு வரச் சொல்லலைன்னா என்ன ஆகியிருப்பேன்னே தெரியலை சார்" என்று ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் சொல்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு. தினமும் இரண்டு மாநகரப் பேருந்து மாறி வருவார். கேன்டீன் மூடியிருந்ததால் வெளியே கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து பதினோரு மணிக்கு ஸ்டோர் ரூமில் எல்லோருக்கும் ஊற்றுவார். "பாப்பா, சூடா குடி" என்பார். ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஐந்து பேரும் நின்றபடி குடிப்போம், நானும்தான். மேசையைத் துடைத்துத் துடைத்து மினுக்கி வைத்த நாங்கள், அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவருக்கும் வந்தது. பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார்.

அவரிடமிருந்து அவளுக்கா, அவளிடமிருந்து அவருக்கா, யாருக்கும் தெரியாது. பேருந்தில் வந்திருக்கலாம் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் கேள்வி அது இல்லை. மாணவர்களிடம் கடிதம் வாங்கினோமே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? "அண்ணே, லேப் திறக்குறோம், உங்களுக்குச் சுகர் இருக்கு, வர முடியுமா?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும். சாவி அவரிடம் இருந்தது, அதனால் அவர் வருவார் என்று எடுத்துக்கொண்டோம். கேட்டிருந்தாலும் வந்திருப்பார், ஒப்பந்த ஊழியர், வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அப்படியென்றால் கேட்பதில் என்ன பிரயோஜனம் என்றும் தோன்றுகிறது. இல்லை, கேட்டிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

2021 செப்டம்பரில் இரண்டாம் அலை தணிந்து மறுபடி திறந்தபோது இன்னொரு மாணவன் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டான். இந்த முறை ஜாக்கிரதையாக, "ஊசி போட்டுட்டு, வீட்ல பேசி நீயே முடிவு பண்ணுப்பா" என்றேன். அவன் வரவே இல்லை. ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று நண்பர்கள் சொன்னார்கள். வீட்டு நிலைமையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவனுக்கு அன்று வேண்டியிருந்தது "வா" என்கிற ஒரு சொல்தானோ என்று நினைக்காத நாள் குறைவு.

அண்ணன் பிழைத்து வந்தார். இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். நான் பார்ப்பது தெரிந்தால், "நீங்க போங்க சார், வர்றேன்" என்பார். வேலையிலிருந்து நின்ற அன்று சின்னதாக ஒரு விழா வைத்தோம். மாலையோடு நின்றவர் பக்கத்தில் போய், "அண்ணே, அன்னைக்கு லேப் திறக்குறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டிருக்கணும்" என்றேன்.

"என்னைய என்ன சார் கேக்கணும்?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. விளக்கிச் சொல்வதற்குள், எல்லோரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்று போட்டோ எடுக்கிறவர் கூப்பிட்டுவிட்டார்.