ஓப்பன்டோஃபுவில் ஸ்டேட் கோப்பின் குறியாக்கம்

சர்வர், தரவுத்தளம், நெட்வொர்க் என எவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதைக் கோப்புகளில் எழுதி வைத்தால், அவற்றைக் கிளவுடில் உருவாக்கித் தரும் கருவியாக டெராஃபார்ம் 2014 முதல் பரவியது. அதன் உரிமத்தை ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல் 2.0 என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து, போட்டி வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியதும், அதற்கு முந்தைய திறந்த மூல நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது; அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்து, 2024 ஜனவரியில் 1.6 பதிப்பாக வெளியானது. உரிமத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஓப்பன்டோஃபுவைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், அதில் ஸ்டேட் கோப்பைக் குறியாக்கம் செய்ய, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்ற, முடிவதுதான்.

நாம் எழுதிய ஒவ்வொரு வளமும் கிளவுடில் எந்த அடையாள எண்ணுடன், எந்தப் பண்புகளுடன் இருக்கிறது என்பதைக் கருவி இக்கோப்பில்தான் பதிந்து வைக்கிறது. ‘டோஃபு பிளான்’ கட்டளை எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்வதும் இதை வைத்துத்தான். ஆனால் இது எவரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் ஜேசான் உரைக்கோப்பு. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஒரு வளத்தின் பண்பாகக் கொடுத்தால், அது பெரும்பாலும் அப்படியே இதற்குள் எழுதப்பட்டுவிடும். மாறியை ‘சென்சிட்டிவ்’ என்று குறித்தாலும் திரையில்தான் மறையுமே தவிர, கோப்பில் மறையாது. ஸ்டேட் கோப்பை அமேசானின் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட்டில் வைத்து, அதன் குறியாக்கத்தை நம்புவோர் உண்டு; பக்கெட்டையும் அதன் சாவியையும் பயன்படுத்தும் அனுமதி பெற்ற எவருக்கும் அங்கே கோப்பு படிக்கக்கூடிய வடிவிலேயே கிடைக்கும் என்பதால், அந்த ஏற்பாடு எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

2024 ஏப்ரலில் வந்த 1.7 பதிப்பு, ஸ்டேட் கோப்பையும், ‘டோஃபு பிளான்’ முடிவைச் சேமிக்கும் பிளான் கோப்பையும் நம் கணினியை விட்டு வெளியேறும் முன்பே ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் குறியாக்கம் செய்யும் வசதியைத் தந்தது. சாவியை, அமேசான் கிளவுடின் சாவி மேலாண்மைச் சேவையான ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ் போன்றவற்றிலிருந்து பெறலாம். சிறிய திட்டமானால், குறைந்தது 16 எழுத்துகள் கொண்ட ஒரு கடவுத்தொடரிலிருந்தே, பிபிகேடிஎஃப்2 என்ற சாவி உருவாக்கும் முறை வழியாக உருவாக்கிக்கொள்ளலாம். (டெராஃபார்ம் 1.10 பதிப்பில் வந்த ‘எபிமரல்’ எனும் தற்காலிக மதிப்புகள் ரகசியத்தைக் கோப்பில் எழுதாமலே தவிர்க்க உதவுகின்றன. அதுவும் நல்ல வழியே; இரண்டும் ஒன்றையொன்று நிரப்புபவை என்றே கருதுகிறேன்.)

ஏற்கெனவே இயங்கும் திட்டத்தில் இதைச் சேர்ப்பவர்கள் முதலில் ஸ்டேட் கோப்பின் நகல் ஒன்றைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். பிறகு, குறியாக்கம் இல்லாத பழைய கோப்பையும் படிக்க ‘ஃபால்பேக்’ பகுதியில் அனுமதி கொடுத்து, மாற்றங்களைச் செயல்படுத்தும் ‘டோஃபு அப்ளை’ கட்டளையை ஒருமுறை ஓட்டி, கோப்பு மாறிவிட்டதை உறுதிசெய்தபின் அப்பகுதியை நீக்கிவிட்டு, குறியாக்கத்தைக் கட்டாயமாக்கும் ‘என்ஃபோர்ஸ்டு’ அமைப்பை இயக்கிவிட வேண்டும். அதன்பின் குறியாக்கமில்லாத கோப்பைக் கருவி ஏற்காது. சாவி தொலைந்தால் கிளவுடில் உள்ள வளங்களுக்குச் சேதமில்லை என்றாலும், கோப்பை மீட்க வழியில்லை. கிளவுடில் உள்ள ஒவ்வொரு வளத்தையும் ‘இம்போர்ட்’ கட்டளையால் மீண்டும் பதிந்து ஸ்டேட்டை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஆகவே அந்தச் சாவி குழுவில் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.